தட்டுக்குப் பின்னால் மருமகள் பேர்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து ராசாத்தி போன் போட்டாள். ராசாத்தி என் கொழுந்தன் பெண்டாட்டி. உடையார்பாளையத்தில் ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டு, ஒரே அடுப்பில் பதினோரு வருஷம் சேர்ந்து சமைத்தவர்கள் நாங்கள். "அக்கா, நல்லாருக்கியா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"செல்வம் தனியா வூடு பாத்துப் போயிட்டானாமே?"

"ஆமா."

"நீ அவனோட போவலையாமே?"

"ஆமா."

"மருமவளோடயே இருக்கியாமே?"

"ஆமாங்கறேன்ல."

"ஏங்க்கா, பெத்த புள்ளைய வுட்டுட்டு, அத்துக்கிட்டு நிக்கறவளோட என்னா இருப்பு? ஊருல என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? மருமவ உனக்கு மருந்து வச்சிட்டாளாம். இல்லன்னா இப்படி மயங்கிக் கெடக்க மாட்டியாம்."

"மருந்து வைக்கணும்னா சோத்துலதான வைக்கணும்? இங்க சோறாக்கறதே நாந்தான்டி" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "இருந்தாலும்..." என்று ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த 'இருந்தாலும்' என்பதற்கு ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வயசில்லை. எழுபதைத் தொடப் போகிறேன். கனடாவுக்கு வந்து இந்தப் பங்குனியோடு ஆறு வருஷம் முடிகிறது. அதனால் ஒரே தடவையாக எழுதி, நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் போடுகிற புத்தகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டுக்கொண்டவள்தான்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிவிடும். எழுத்துப் பிழையைக் கவிதா திருத்திக் கொடுத்தாள். கவிதாதான் அந்த மருந்து வைத்த மருமகள். "எழுத்தத் திருத்து, வார்த்தையில கை வைக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

2

இங்கே பொழுதுக்கும் நான் என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்கிறீர்கள். தட்டில் படம் போடுகிறேன்.

நாங்கள் இருப்பது டொரண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். வருஷத்தில் ஐந்து மாசம் பனி. வந்த முதல் வருஷம் செல்வம் கிடங்கு வேலைக்குப் போய்விடுவான். கவிதா ஒரு முதியோர் இல்லத்தில் சமையல்காரி, அவளும் போய்விடுவாள். நான் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். என் கை சும்மா இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. மடியில் கிடக்கிற கையைப் பார்த்தால் வேறு யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் போல இருக்கும்.

ஒரு நாள் கவிதா பழைய சாமான் கடையிலிருந்து ஏழெட்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகள் வாங்கி வந்தாள். பூவும் இல்லை, கோடும் இல்லை, வெறும் வெள்ளை. கூடவே பீங்கானில் எழுதுகிற பேனாக்கள் ஒரு கட்டு.

"அத்தை, எங்க எடத்துல இருக்கற வயசானவங்களுக்குப் பொழுது போறதுக்கு இதத்தான் குடுக்கறாங்க. நீங்களும் போட்டுப் பாருங்களேன்."

"என்னையும் அந்தக் கெழவிங்களோட சேத்துட்டியா?"

"இல்லைங்கத்தை. அவங்க போடறதப் பாத்தேன். எல்லாம் கோணக் கோணையாப் போடறாங்க. நீங்க போட்டா அவங்களுக்குக் கொண்டு போயிக் காட்டலாம்னுதான்."

எனக்கு எந்த இடத்தில் சாவி போட வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

என்ன படம் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷம் என் கையில் கிடந்தது முந்திரி. பழம் மேலே, கொட்டை கீழே தொங்க, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று என்று ஓரத்தைச் சுற்றிப் போட்டேன். நடுவில் எதுவும் போடவில்லை. சோறு படுகிற இடத்தில் இந்த மை படக்கூடாது என்று பேனாக் கட்டின்மேல் எழுதியிருப்பதாகக் கவிதா படித்துச் சொன்னாள். ஓரத்திலும் பின்பக்கத்திலும்தான் போடலாம்.

போட்ட மையை ஒரு நாள் காயவிட வேண்டும். அப்புறம் கேக் வேகவைக்கிற ஓவனில் வைத்துச் சுட வேண்டும். சுட்டால்தான் கழுவினாலும் போகாது. முதல் தட்டை நான் உடைத்தேன். தோசைக்கல்லைக் காயவைத்துவிட்டுத்தானே மாவை ஊற்றுவோம்? அதே பழக்கத்தில் ஓவனை நன்றாகச் சூடேற்றிவிட்டுத் தட்டை உள்ளே வைத்தேன். பட்டென்று இரண்டாகப் போனது. கவிதா வந்து பார்த்து, ஆறிய ஓவனில் தட்டை வைத்துவிட்டு அப்புறம்தான் சூடேற்ற வேண்டும், அணைத்த பிறகும் உள்ளேயே ஆறவிட வேண்டும் என்று சொன்னாள். "பீங்கானுக்கு அவசரம் ஆகாதுங்கத்தை" என்றாள். எனக்கும் ஆகாது. அதனால் ஒத்துப்போனோம்.

எதிர்வீட்டில் புவனேஸ்வரி என்று யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். அறுபது வயசுக்கு மேல். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அக்கா, கோப்பைக்குப் படம் கீறுறியளோ?"

நான் சுற்றும் முற்றும் தேடினேன். கோப்பை எதுவும் இல்லை. அவர்கள் தட்டைத்தான் கோப்பை என்கிறார்கள். டீ குடிப்பதை என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "அது பேணி" என்றார். சரி, தமிழிலேயே இவ்வளவு தூரம் இருக்கும்போது இங்கிலீஷில் நான் தடுமாறுவதில் தப்பில்லை என்று ஒரு தைரியம் வந்தது.

"இது என்ன, கறிமிளகாயோ?"

"முந்திரிப்பழம்."

"ஓ, கஜுவோ! கஜுவுக்கு மேல இப்பிடி ஒரு பழமும் இருக்கோ?"

கவிதா வேலை செய்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதைப் பார்த்துவிட்டு, குத்துச்சண்டைக்காரன் கையுறை என்று சொன்னாராம். ஒருவர்கூட முந்திரி என்று சொல்லவில்லை. நான் படத்தை மாற்றவில்லை. தெரியாதவர்களுக்குத் தெரியவைக்கத்தான் போடுகிறோம்.

3

இப்போது பேர் விஷயம். இதைச் சொன்னால்தான் மீதி விளங்கும். நம் பக்கத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டாத வீடு உண்டா? கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தால் கொடுக்கிறவர் பேரை வெட்டிக் கொடுப்போம். வீட்டுக்கு வாங்கினால் வீட்டுக்குப் பெரியவர் பேரை வெட்டுவோம். எனக்குச் சீராக வந்த ஒரு குடம், ஒரு தூக்குவாளி, நாலு தட்டு எல்லாவற்றிலும் என் அப்பா பேர், 'சி. பெரியசாமி'. புகுந்த வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் என் மாமனார் பேர், 'ஆ. முத்துசாமி'. அது முத்துசாமி என்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும்போது உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய அந்த எழுத்து விரலில் நெருடும். எந்தக் குடம் எங்கள் வீட்டுக் குடம் என்று குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லுவேன். எழுத்தை நான் முதலில் படித்தது விரலால்தான்.

மாமனாருக்கு நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்த குடும்பம். நான் வாக்கப்பட்டு வந்ததும் முந்திரிக் கொட்டகைக்குப் போனேன். கொட்டை உடைத்து, மூன்று சீசன் சேர்த்து, ஜெயங்கொண்டத்தில் ஒரு பாத்திரக் கடையில் ஒரு பித்தளை அண்டாவும் இரண்டு குடமும் எடுத்தேன். மாமியார் கூட வந்தார். பேர் வெட்டுகிறவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன பேரும்மா போடணும்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான், "மாமனார் பேரே போடுங்க" என்றேன்.

யாரும் என்னை அதட்டவில்லை. மாமியார் வாயே திறக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே எனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அதுதான்.

என் வீட்டுக்காரர் கலியபெருமாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது செல்வத்துக்கு ஏழு வயசு. மூன்று வருஷத்தில் பாகம் பிரித்தார்கள். ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துத் தடுத்தாகிவிட்டது. மிச்சம் பாத்திரம்தான். பெரியவர்கள் நாலு பேர் உட்கார, பாத்திரத்தையெல்லாம் வெளியே கொண்டுவந்து பரப்பினார்கள். ராசாத்தி எட்டாவது படித்தவள். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பேரைப் படிப்பாள். 'முத்துசாமி' என்றால் அந்தப் பக்கம், 'பெரியசாமி' என்றால் என் பக்கம். மாமனார் சின்ன மகனோடு இருக்கப் போகிறார், அதனால் அவர் பேர் போட்டதெல்லாம் அவரோடு போகும் என்பது ஞாயம்.

அண்டா அந்தப் பக்கம் போனது. "அது நான் வாங்கனதுங்க" என்றேன்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "பேரு அப்படிச் சொல்லலியேம்மா" என்றார்.

என் பக்கம் வந்தது இவ்வளவுதான்: ஒரு குடம், ஒரு தூக்குவாளி, நாலு தட்டு. அவற்றிலும் என் பேர் இல்லை, அப்பா பேர்தான். என் பேர் அஞ்சலை. அது எதிலும் இல்லை.

ராசாத்தி இதைப் படிப்பாள். படிக்கட்டும். அவள் பொய்யாகப் படித்தாள் என்று நான் சொல்லவில்லை. அதில் எழுதியிருந்ததைத்தான் படித்தாள். எழுதச் சொன்னவள் நான்.

4

முந்திரிக் கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்போம், இருந்தும் விரல் நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். பாகம் பிரித்த பிறகு செல்வத்தின் பள்ளிக்கூட உதவிப் பணத்துக்காகப் பேங்குக்குப் போனேன். கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மைத்தீற்றல்தான் விழுந்தது, ரேகை விழவில்லை. "இன்னொரு விரல வைம்மா" என்றார் அந்த சார். பத்து விரலையும் வைத்தேன். பத்தும் அப்படித்தான். "கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

கையெழுத்துத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. கைநாட்டும் விழாதவளுக்கு என்ன? கொட்டகையில் கணக்கு எழுதுகிற பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். அ, ஞ், ச, லை. நாலு எழுத்து கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாசம் ஆனது. 'லை' மட்டும் பத்து நாள் தண்ணி காட்டியது. மற்ற எழுத்துகளைச் செல்வத்தின் புத்தகத்தில் பார்த்துப் பிடித்தேன்.

கனடா விசாவுக்குச் சென்னையில் விரலை மிஷினில் வைக்கச் சொன்னபோதும் இதே கதை. அந்தப் பெண் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். "என்ன வேலைம்மா செஞ்சீங்க?" என்றாள். சொன்னேன். அவளுக்கு முந்திரி தின்னத்தான் தெரியும் போலிருக்கிறது. என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விழுந்த வரைக்கும் எடுத்துக்கொண்டாள்.

5

உடையாமல் ஒரு தட்டு நல்லபடியாகச் சுட்டு வந்ததும், பின்பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளையாக இருந்தது. பேர் போடாத பாத்திரத்தை எப்படி அலமாரியில் வைப்பது? கை தானாகப் பேனாவை எடுத்தது.

"கவிதா, என்ன பேரு போட?"

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவங்க பேரே போடுங்கத்தை" என்றாள்.

கவிதாவுக்கு ஊர் பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளம். பன்னிரண்டாவது வரை படித்தவள். கனடாவில் காரோட்டுகிறவள். அவள் வாயிலிருந்து, பாத்திரக் கடையில் நான் சொன்ன அதே பதில் வருகிறது. யார் சொல்லித்தந்தார்கள்?

தட்டு அவள் வாங்கியது. பேனா அவள் வாங்கியது. 'கவிதா' என்று போட்டேன். பேர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாக வைப்பாரே, அதே மாதிரிப் புள்ளி வைத்து எழுதினேன். அவள் வந்து பார்த்துப் பதறிப்போனாள். "ஐயோ, எதுக்குங்கத்தை? அவங்க பாத்தா எதாவது நெனைப்பாங்க" என்றாள்.

செல்வம் பார்த்தான். நினைக்கத்தான் செய்தான். "என்னம்மா, எல்லாத்துலயும் அவ பேரு? இந்த வூட்டுல நான் வாடகைக்கு இருக்கேனா?" என்று சிரித்தான். சிரிப்பு பாதிதான் வந்தது.

"சோறு போடறவ பேருதான் தட்டுல இருக்கணும்" என்றேன்.

வருஷத்துக்கு வருஷம் தட்டு கூடியது. கிண்ணம், டீ குடிக்கிற கப்பு, சாதம் வைக்கிற பெரிய தட்டம். எல்லாவற்றிலும் முன்னால் முந்திரி, பின்னால் கவிதா.

இரண்டு பேருக்கும் எதனால் ஒத்துவராமல் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். முழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பாதி தெரியும், அந்தப் பாதியையும் சொல்ல மாட்டேன். குழந்தை இல்லாததுதான் காரணம் என்று ஊரில் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அது காரணம் இல்லை. என் மகன் கெட்டவன் இல்லை. அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசாமலே இருப்பான். ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று மாசம் பேசாமல் சாப்பிட அவனால் முடியும். அது எவ்வளவு பெரிய சத்தம் என்று கூட இருந்து கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசியில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு ஊரில் வீடு பார்த்துவிட்டான். சாமான் எடுக்க வந்தான். டி.வி. அவனுக்கு, சோபா இவளுக்கு, சண்டை இல்லாமல்தான் நடந்தது. கடைசியில் சமையல்கட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தான். நான் போட்ட தட்டு ஒன்றை எடுத்தான். திருப்பினான். கவிதா. இன்னொன்றை எடுத்தான். கவிதா. வரிசையாகத் திருப்பினான். நடையில் நின்றுகொண்டிருந்த கவிதா, "எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்கத்தை" என்றாள்.

"சும்மா இரு" என்றேன் அவளை.

செல்வம் என்னைப் பார்த்தான். "ஒண்ணுகூட எனக்கு இல்லையாம்மா?"

பத்து வயசில், அண்டா அந்தப் பக்கம் போனபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான். அதே முகம். அப்படியும் நான் தெளிவாகவே சொன்னேன்.

"உனக்கு வேணும்னா வெள்ளைத் தட்டு வாங்கியா. போட்டுத் தரேன். இத வையி."

வைத்துவிட்டான். அப்புறம் என் பையை எடுத்தான். "கெளம்பும்மா. உன் ரூமு ரெடியா இருக்கு."

"நான் வரலடா."

"வரலன்னா? என் பேர்லதான நீ இந்த நாட்டுக்கு வந்த? நாந்தான கையெழுத்துப் போட்டேன்? எனக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்லன்னு ஆனப்புறம் உனக்கு இங்க என்ன இருக்கு?"

கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். ஆனால் 'என் பேர்ல' என்ற வார்த்தை விழுந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"பேர வச்சி என்னைத் தூக்கிட்டுப் போவ நான் அண்டா இல்லடா" என்றேன்.

போய்விட்டான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். வீம்பு பிடித்தவளுக்கு வலிக்காது என்று நினைக்காதீர்கள்.

6

பயமும் இருந்தது. செல்வம் கையெழுத்துப் போட்டு வந்தவள் அவனோடு இல்லையென்றால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களா? கவிதாவுக்கு ஏதாவது கேஸ் வருமா? யாரைக் கேட்டாலும் ஆளுக்கொன்று சொன்னார்கள். புவனேஸ்வரியம்மாதான், "அக்கா, கதைச்சுக்கொண்டிருந்தா விசர்தான் பிடிக்கும். எழும்புங்கோ, கேட்டிட்டு வருவம்" என்று ஒரு ஆபீசுக்குக் கூட்டிப்போனார். விசர் என்றால் பைத்தியமாம். புதிதாக வந்தவர்களுக்கு வழி சொல்கிற இடம் அது.

ஆபீசர் ஒரு பெண். அவள் இங்கிலீஷில் கேட்பாள். போனில் ஒரு தமிழ்ப் பெண் அதைத் தமிழில் சொல்வாள். பேர், பிறந்த தேதி எல்லாம் ஆயிற்று.

"இப்ப யாரோட இருக்கீங்க?"

"மருமவளோட."

"மகன்?"

"தனியாப் போயிட்டான். பிரிஞ்சிட்டாங்க."

போனில் இருந்த பெண் கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல முன்னாள் மாமியார்னு போடச் சொல்லவா?"

"முன்னாளா? நான் என்ன மந்திரியா?"

புவனேஸ்வரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். போனில் இருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். ஆபீசர் என்ன என்ன என்று கேட்டாள்.

நான் சொன்னேன்: "அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. நாங்க ரெண்டு பேரும் பிரியல. அப்படியே சொல்லும்மா, மாத்தாம."

சொன்னாள். ஆபீசர் பேனாவை வைத்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். நான் இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்க அனுமதி பெற்றவள். யார் வீட்டில் இருப்பது என்பது என் இஷ்டம். என்னைப் பார்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்ட மகனுக்கு அந்தப் பொறுப்பு அப்படியே இருக்கும், ஆனால் அதைக் காட்டி என்னை எங்கேயும் இழுத்துப் போக முடியாது. அந்தக் கட்டத்தில் 'குடும்பம்' என்று மட்டும் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் கையெழுத்துக் கேட்டாள். தமிழில் போடலாமா என்றேன். போடலாம் என்றாள். அஞ்சலை என்று போட்டேன். 'லை' நன்றாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து கவிதாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள்.

"அத்தை, உங்களுக்கு எம்மேல பரிதாபம்னா வேணாம். நான் சமாளிச்சிக்குவேன். நீங்க மவனோட போங்க. நாளைக்கு என்னாலதான் நீங்க பிரிஞ்சீங்கன்னு வரக்கூடாது."

"பரிதாபமா? போடி. எனக்கு இங்க தட்டு இருக்கு, ஓவன் இருக்கு, எதுத்த வூட்டுல பேச்சுக்கு ஆள் இருக்கு. அவன் வூட்டுல என்ன இருக்கு, டி.வி.தான இருக்கு? அவன் பேசவும் மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. சேலை கட்டியிருந்தால் முந்தானையால் துடைத்திருப்பாள், பேண்ட் போட்டிருந்ததால் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வெங்காயங்கத்தை" என்றாள்.

அவள் நறுக்கிக்கொண்டிருந்தது சுரைக்காய்.

7

மாசியில் ஒரு சனிக்கிழமை செல்வம் வந்தான். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே இரண்டு வெள்ளைத் தட்டு. சொல்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கவிதா வேலைக்குப் போயிருந்தாள்.

நான் ஒரு தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓரத்தில் முந்திரி போட ஆரம்பித்தேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரம் போலப் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கும் தெரியும் அந்த வித்தை. கடைசியில், "பழத்துக்குச் சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருக்கும்மா" என்றான். சரிதான், அடர்த்தியாகத்தான் இருக்கும். இன்னொரு தரம் பூசினேன்.

ஓரத்து மை கையில் ஒட்டாத அளவுக்கு ஆனதும் தட்டைத் திருப்பினேன். "என்ன பேரு போட? செல்வமா?"

"வேணாம்."

"பின்ன?"

"உன் பேரு போடு. குடுக்கறது நீதான?"

'அஞ்சலை' என்று போட்டேன். புள்ளி புள்ளியாக வைக்க 'ஞ்' மட்டும் காப்பி ஆறுகிற நேரம் எடுத்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. காய்ந்த பிறகுதான் சுட முடியும், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள் என்றேன். வாசல் வரை போனவன் திரும்பி நின்றான்.

"இப்பவாவது வரியாம்மா?"

"வரல. நீ சாப்புட வா. சனிக்கிழம சனிக்கிழம வா. கவிதாகிட்டக் கேட்டுட்டேன். அவளுக்கு ஒண்ணும் இல்லையாம். வந்தா வாயத் தொறந்து பேசணும், அவ்வளவுதான்."

தலையை ஆட்டினான். அடுத்த சனிக்கிழமை வந்தான். பேசினான் என்று சொல்ல முடியாது. உப்புக் குறைச்சல் என்றான். ஆரம்பத்துக்கு அது போதும்.

8

இனி ஊருக்கு.

ராசாத்தி, நீ போனில் கடைசியாகச் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். "நாங்க இல்லையா, வந்துடுக்கா" என்று சொல்லியிருப்பாய். நல்ல மனசோடுதான் சொல்லுவாய். வருகிறேன். இருக்க வரவில்லை, பார்க்க வருகிறேன். வைகாசியில் இருபது நாள். கவிதாவும் வருகிறாள், லீவு சொல்லிவிட்டாள்.

இதை எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவளை என் மருமகள் என்றுதான் கூட்டி வருகிறேன். செல்வம் எங்கே என்று கேட்டால் வேலையில் இருக்கிறான் என்பேன், அது உண்மை. இவள் ஏன் வந்தாள் என்று யாராவது கேட்டால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டு, அவளை வெளியில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கிற வேலையும் வேண்டாம். கேள்வி என்னிடம் கேளுங்கள். பதில் இதில் எழுதியாகிவிட்டது.

நாங்கள் திருச்சியில் இறங்குவோம். அங்கிருந்து ஒரு பஸ் பெரம்பலூர்ப் பக்கம் போகிறது, செட்டிகுளத்துக்கு. அங்கே அவள் அம்மா இருக்கிறார். ஒரு பஸ் அரியலூர்ப் பக்கம் போகிறது, நம் ஊருக்கு. எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கிற வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று வைகாசிக்குள் சொல்லி அனுப்புங்கள். அந்தப் பஸ்ஸில் ஏறுவோம்.